மூன்று தட்டு, ஒரே எண்

எங்கள் அலுவலகத்தில் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தவள் நான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தீ எச்சரிக்கை மணி அடித்தது. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினோம். இந்த மனுஷர் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, சேமித்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். "மெதுவா வாங்க சார், நெருப்பு காத்துக்கிட்டு இருக்கும்" என்றேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அன்றிலிருந்து "நிதானம் வந்தாச்சா", "நிதானம் சாப்பிடப் போயிருக்கு" என்று ஆகிவிட்டது. அவருக்கும் அது பழகிவிட்டது.

நான் சோதனைப் பிரிவு. இவர்கள் எழுதுகிற நிரலில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே எனக்குச் சம்பளம். இயல்பிலேயே எனக்கு அது நன்றாக வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். பதினோரு வருடமாக நிதானத்துக்கு அடுத்த மேசை என்னுடையது. அவர் எழுதியதை நான் சோதித்துத் திருப்பி அனுப்பிய தடவைகளை இரண்டு கை விரல்களில் அடக்கிவிடலாம். அதனால்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதை நானே சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

நாங்கள் செய்வது மெத்தைக்கு அடியில் விரிக்கிற ஒரு பட்டை. முழ நீளம், அட்டை கனம். எழுந்து நடமாட முடியாதவர்கள் படுத்திருக்கும் மெத்தைக்கு அடியில் அதை விரித்துவிட்டால் போதும், உடம்பில் எதையும் ஒட்ட வேண்டாம். மேலே ஆள் எடை இருக்கிறதா என்று பட்டைக்குத் தெரியும். உடம்பின் அதிர்வும் மெத்தை வழியாக அதற்கு இறங்கும். அதிலிருந்து இதயம் எத்தனை தடவை துடிக்கிறது, மூச்சு எத்தனை தடவை வருகிறது என்று பிரித்து, கூடத்தில் மாட்டிய சின்னத் திரையில் காட்டுவோம். முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பட்டைகள் அப்போது விரிந்து கிடந்தன.

அந்த அதிர்வைப் பிரிக்கிற பகுதி நிதானம் எழுதியது. அதை பிளாக் என்போம். பிளாக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத்தான் எங்கள் மென்பொருள் ஓடும். ஒன்று கொடுப்பதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். அவருடைய பிளாக்குக்கு உள்ளே வர ஒரு வழி, வெளியே போக மூன்று வழி. ஒன்றில் இதயம், ஒன்றில் மூச்சு, மூன்றாவதில் மற்ற அசைவெல்லாம்: புரண்டு படுப்பது, மின்விசிறியின் நடுக்கம், தெருவில் லாரி போவது. மூன்று வழிக்கும் மூன்று தட்டு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் வேலை, கூப்பிடுகிறபோதெல்லாம் தட்டுகளை நிரப்பிவிட்டு, எத்தனை வைத்தேன் என்று ஒரு எண் சொல்வது. அடுத்த பிளாக் அந்த எண்ணை நம்பி எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே வைத்தாயா என்று யாரும் தட்டை எட்டிப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு முறை இருக்கிறது. மூன்று தட்டிலும் ஒரே அளவு வைத்திருந்தால் ஒரே எண் சொன்னால் போதும். ஐந்து என்றால் மூன்றுக்கும் ஐந்து. அளவு வேறு வேறு என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். இன்னொரு விஷயம், தட்டு ஒவ்வொரு தடவையும் கழுவி வருவதில்லை. நாற்பது நொடிக்கு மட்டும் இடமுள்ள வட்டத் தட்டு அது. சுற்றி வரும்போது பழையதன் மேலேயே புதியதை வைத்துக்கொண்டு போகும். வைக்காமல் வைத்தேன் என்று சொன்னால், நாற்பது நொடிக்கு முந்தைய பழையதே புதியது என்று வெளியே போய்விடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நிதானத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு இருந்தார். அக்காவுக்கும் கல்யாணமில்லை, அம்மா போனபின் இவரைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்த அம்மாள். ஒரே நேரத்தில் நாலு பேரிடம் பேசி நாலு பேரையும் சமாளிப்பார் என்று நிதானம் சொல்லுவார். நான் இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அப்போது அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகியிருந்தது. இடது பக்கம் செயலிழந்து படுக்கையிலேயே இருந்தார், ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "நீதான் இவனுக்கு நிதானம்னு பேர் வெச்சவளா? நல்லா வெச்சே போ. பிறக்கிறப்பவே பத்து நாள் தள்ளித்தான் பிறந்தான்" என்றார்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்சம்மா வருவார். ஒரு ஏஜென்சி மூலமாக வந்தவர், நாற்பது வயதிருக்கும். மேனேஜரிடம் அனுமதி வாங்கி அக்காவின் மெத்தைக்கும் ஒரு பட்டை விரித்திருந்தார் நிதானம். திரையில் தெரிவது அவருடைய போனிலும் தெரியும். நாளில் பத்து தடவையாவது போனை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைப்பார். அதற்கு அர்த்தம் எல்லாம் சரி என்பது.

தொல்லை அலாரத்தில்தான் ஆரம்பித்தது. அந்தக் காலத்து பிளாக், மூச்சு இது என்று உறுதியாகத் தெரியாதபோதெல்லாம் தட்டில் பூஜ்யத்தை வைக்கும். பூஜ்யத்தைப் பார்த்ததும் அலாரம் வீல் என்று கத்தும். அக்கா ஒருக்களித்துப் படுத்தால் கத்தும். தலையணையைச் சரிசெய்தால் கத்தும். முதியோர் இல்லங்களிலிருந்தும் இதே புகார் வந்துகொண்டிருந்தது, ஆனால் நிதானத்தை அசைத்தது அக்காவின் புகார்தான். அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

"அக்கா சொல்றாங்க, 'டேய், நான் ஒரு பக்கமா திரும்பிப் படுத்தா செத்துட்டேன்னு ஊரைக் கூட்டுது உன் மெஷின். முதல்ல அதை வாயை மூடச் சொல்லுடா.'"

அந்த வாரமே திருத்தினார். உறுதியாகத் தெரியாதபோது பூஜ்யம் வைக்காதே, எதுவுமே வைக்காதே. மூன்று வரி மாற்றம். திருப்பித் தரும் எண் நான்காவது வரியில் இருந்தது. அதுவரை மூன்று தட்டுக்கும் எப்போதும் ஒரே அளவுதான், அதனால் ஒரே எண். இனிமேல் மூச்சுத் தட்டில் குறையலாம், அசைவுத் தட்டில் குறையாது. தனித்தனியாகச் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த நான்காவது வரியை அவர் தொடவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான். நிதானமானவர்களும் மறப்பார்கள்.

சோதிக்க வேண்டியவள் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் சோதித்தேன். காலி மெத்தையில் விரித்துப் பார்த்தேன். தட்டில் ஒருபோதும் எதுவும் வைக்காததால் வெறுமையே வந்தது, சரி என்று குறித்தேன். படுத்திருப்பவர் எழுந்து போவதைப் பார்த்தேன். எடை போனதும் மொத்தத் தட்டையும் துடைத்துவிட்டு நின்றது, சரி. அலுவலகத்தில் ஒல்லி, குண்டு, குறட்டை விடுகிறவர் என்று ஒன்பது பேரைப் படுக்க வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. நான் சோதிக்காதது ஒன்றே ஒன்று. மெத்தையில் எடை இருக்க வேண்டும், மூச்சு இருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆளைச் சோதனைக்குக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

அலாரத் தொல்லை ஒழிந்தது. இல்லங்களிலிருந்து நன்றி சொல்லி எழுதினார்கள். மேனேஜர் கேக் வாங்கி வெட்டினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு ஒரு மீட்டிங். நிதானம் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். நடுவில் போனை எடுத்துப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். எல்லாம் சரி. நாலு மணி தாண்டி ஏழெட்டு நிமிடத்தில் அந்தப் போன் அதிர்ந்தது. நர்சம்மா. அவர் எழுந்து நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே போனார். அன்றைக்கும் அதை மறக்கவில்லை.

நடந்தது பற்றி நர்சம்மா சொன்னது இது. சாப்பிட்டபின் அக்கா தூங்குவார். யாராவது எட்டிப் பார்த்தால் தூக்கம் கலைகிறது என்று சத்தம் போடுவார் என்பதால், கதவை ஒருக்களித்துவிட்டு நர்சம்மா கூடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். கால் மணிக்கு ஒரு தடவை மூச்சின் எண்ணை நோட்டில் எழுதுவார். நாலு மணிக்கும் பார்த்தார், பதினான்கு. எழுப்பி ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம் என்று உள்ளே போய்க் கையைத் தொட்டார். கை ஜில்லென்றிருந்தது. பதறித் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்.

வந்த டாக்டர் முதலில், உயிர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார். நிதானத்தின் அண்ணன் வெளியூரிலிருந்து வந்ததும் திரையில் பதிவாகியிருந்த கிராஃபைக் காட்டினார். மூச்சு சீராக ஓடிக்கொண்டே வந்து, நாலு மணி ஐந்து நிமிடத்தில் பெரிய அசைவு, அதன்பின் ஒன்றுமில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நேரத்தை மாற்றி எழுதிக்கொடுத்தார். அண்ணன் விடவில்லை.

"நாலு மணி வரைக்கும் நல்லா இருந்தவ. இந்தம்மா தூக்கினப்பதான் ஏதோ ஆயிருக்கு. கை ஜில்லுன்னு இருந்துச்சாம், கதை விடறாங்க."

நர்சம்மா நிதானத்தைப் பார்த்தார். நிதானம் சொன்னது மூன்று வார்த்தை.

"கிராஃப் அப்படித்தான் காட்டுதுங்க."

பொய் இல்லை. கிராஃப் அப்படித்தான் காட்டியது. ஆனால் அந்த மூன்று வார்த்தையால் ஏஜென்சி அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பியது. விசாரணை முடிகிறவரை வேறெங்கும் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் போலீசுக்கும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் நிதானம் வேலைக்கு வந்துவிட்டார். துக்கம் விசாரிக்க ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் "சரிங்க" என்றார். பதில் மெயில் கேட்டவருக்கும் அதே "சரிங்க". டப்பாவைத் திறந்து எப்போதும் போல் சாப்பிட்டார், எப்போதும் போல் கழுவி வைத்தார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டேன்.

"சார், வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமே. அழுதாத்தான் ஆறும்னு சொல்வாங்க."

"அழணும்னு தெரியுதும்மா. வரலை" என்றார். "காலு மரத்துப்போனா கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி இருக்கு. கிள்றது தெரியுது. வலிக்கலை."

  இருவரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கேட்டார், அந்த வியாழக்கிழமைப் பதிவை எடுத்துக் கொடுக்க முடியுமா என்று. பதிவுகளெல்லாம் என் பொறுப்பு. நினைவுக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறார் என்று நினைத்தேன். சிலர் போட்டோ வைத்துக்கொள்வார்கள், இவர் இதை வைத்துக்கொள்வார். ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தேன். இரண்டு நாள் வேறெந்த வேலையும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கண்டும் காணாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். "இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. திரையில் மூச்சின் கோடு, மேலும் கீழுமாக. ஓரிடத்தில் சின்னதாக இரண்டு முள் ஒட்டினாற்போல் துருத்திக்கொண்டு நின்றன.

"இது இருமல். அக்கா இருமினா இப்படித்தான் விழும், ரெட்டை முள்ளா. மணி ஒண்ணு அம்பத்திரண்டு."

"சரி சார்."

கோட்டை நகர்த்தினார். அதே இரட்டை முள். மறுபடி நகர்த்தினார். மறுபடியும் அதே.

"நாப்பது செகண்டு. நாப்பது செகண்டுக்கு ஒரு தடவை. அதே உயரம், அதே அகலம். நூத்தித் தொண்ணூத்தெட்டு தடவை எண்ணிட்டேன்." கோட்டை முதல் முள்ளுக்கே திருப்பினார். "மனுஷங்க இப்படி இரும மாட்டாங்க."

 நாற்பது நொடி என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. மின்விசிறியும் லாரியும் மூன்றாவது தட்டை நிரப்பிக்கொண்டிருந்தன, அதற்குச் சொன்ன எண்ணே மூச்சுக்கும் போயிற்று. இதயத்துக்கும் அதே எண்தான், கண்டுபிடிக்கத் துடிப்பில்லாமல் அதுவும் பழையதையே ஓட்டியது. ஒன்று ஐம்பத்து மூன்றிலிருந்து நாலு ஐந்து வரைக்கும், அக்காவின் கடைசி நாற்பது நொடி சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. நர்சம்மா தூக்கினபோது எடை போய்த் தட்டு துடைக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் அந்தம்மா கொன்ற நேரம் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"மூணு மணிக்கு நானும் பார்த்தேன்" என்றார் நிதானம். "பதினாலுன்னு இருந்துச்சு. நிம்மதியா கவுத்து வெச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்கூட முழுசாக இல்லை. யார்மேல் என்று தெரியாததால் அவரிடமே காட்டினேன். "இது வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நீங்க எழுதினது, நான் ஓகே பண்ணினது. காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு வரியைத் திருத்தி அனுப்பினா யாருக்கும் தெரியாது." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். பதினோரு வருட வேலை, பயம் பேச வைத்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "அந்தம்மா வீட்டுல உக்காந்திருக்காங்களே" என்றார்.

அவ்வளவுதான். அன்று மாலையே மேனேஜரின் அறையில் பத்துப் பேர் முன்னால் நின்று சொன்னார். எந்த வரி, எந்தத் தேதி, என்ன விளைவு. எழுதியது நான் என்று ஆரம்பித்தார். நானும் எழுந்து சோதித்தது நான் என்றேன்.  மேனேஜர் நல்ல மனிதர், தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காவோட ஃபைலைப் போட்டுக் காட்ட வேணாம்ப்பா. நாமளே ஒரு டம்மி டேட்டா செஞ்சு காட்டிக்கலாம்."

"அதுல இருமல் இருக்காது சார்" என்றார் நிதானம். போட்டுக் காட்டினார். பத்துப் பேரும் அந்த இரட்டை முள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தோம். ஏழெட்டு சுற்றுக்கப்புறம் யாரோ போதும் என்றார்கள்.

அன்றே மீதி இருநூற்றுப் பதினோரு பட்டைகள் இருந்த இடங்களுக்கும் போன் போயிற்று, திரையை நம்பாதீர்கள், ஆளை உட்கார வையுங்கள் என்று. திருத்தம் போய்ச் சேர இரண்டு நாள். பழைய பதிவுகளை எல்லாம் நான் ஒன்றுவிடாமல் அலசினேன். வேறு எங்கும் அப்படி நடந்திருக்கவில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல, வெறும் அதிர்ஷ்டம். ஏஜென்சிக்கு நிதானம் தன் கைப்பட எழுதினார். அவர்கள் சிறு தவறான புரிதல் என்று இரண்டு வரி பதில் போட்டார்கள். சிறு தவறான புரிதலாம், ஒரு பெண்ணைக் கொலைகாரி என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டு!

அண்ணனிடம் போனில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.  மறுமுனையில் அண்ணன் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அப்போ, நீதானா?"

"நான்தாண்ணா."

போன் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் அண்ணன் இவரோடு பேசுவதில்லை.

நர்சம்மாவின் வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றார். நான் விடவில்லை, கூடப் போனேன். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. அடுப்பு ஒரு மூலை, கட்டில் ஒரு மூலை, ஜன்னலில் துணி காய்ந்தது. எங்களைப் பார்த்ததும் அந்தம்மா வாசலிலேயே நின்றார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நிதானம் வாசலில் நின்றபடியே சொன்னார். தட்டு, எண் எல்லாவற்றையும் எப்படிச் சொல்லப்போகிறாரோ என்று நினைத்தேன். மிகச் சுலபமாகச் சொன்னார்.

"மெஷின் பழசையே திருப்பித் திருப்பிக் காட்டியிருக்குங்க. நீங்க பார்த்தது நிஜமான மூச்சு இல்லை. தப்பு மெஷின் மேல. மெஷின்னா, என் மேல. உங்க மேல ஒண்ணும் இல்லை. ஏஜென்சிக்கு எழுதிட்டேன்."

"கிராஃப் அப்படித்தான் காட்டுதுன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்களே சார்."

"ஆமாங்க."

"பன்னெண்டு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் ஏதாச்சும் தப்பா தூக்கிட்டேனோன்னு. கை ஜில்லுன்னு இருந்தது பொய்யோன்னு. ராத்திரி என் கையையே தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன்."

"பொய் இல்லைங்க. ஜில்லுன்னுதான் இருந்திருக்கும்."

அந்தம்மா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அந்த வியாழக்கிழமைப் பக்கம். காலையிலிருந்து பன்னிரண்டு, பதினாறு, பதினொன்று, பதினைந்து என்று ஏறி இறங்கி வந்த எண்கள், மதியம் இரண்டு மணியிலிருந்து பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று நின்றிருந்தன. "இன்னைக்கு என்ன சீரா தூங்கறாங்கன்னு சந்தோஷமா எழுதினேன்" என்றார். "எத்தனை மணிக்கு சார்?"

"ஒண்ணு அம்பத்தி மூணு."

ஒன்றே முக்காலுக்கு நேரே, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டார். "தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன்" என்றிருந்தது.

"ரெண்டு வாய் குடிச்சாங்க. போதும்மா, போய் உக்காருன்னு சொன்னாங்க. என் கையாலதான் குடிச்சிருக்காங்க கடைசியா." அப்போதுதான் அந்தம்மா அழுதார். அழுதுகொண்டே ஒரு பேனாவை எடுத்து, சுவரில் நோட்டை வைத்து, இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இருந்த ஒன்பது எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். "என் கையெழுத்துல பொய் இருக்கக் கூடாது." நிதானம் ஒன்பதும் அடித்து முடிகிறவரை நின்றார். மன்னிப்புக் கேட்டார்.  அந்தம்மா கதவை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில், "நல்லவேளை தண்ணி கேட்டாங்க" என்றார் நிதானம்.  

இது நடந்து ஒரு வருடமாகிறது. நர்சம்மா அந்த ஏஜென்சியை விட்டு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நிதானத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை, என்னையும்தான். இப்போது புதிதாக ஒரு சோதனை சேர்த்திருக்கிறோம். யார் எந்த வரியை மாற்றினாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாச் சோதனைகளும் தானாக ஓடும். அதில் நாற்பத்தோராவது, அக்காவின் வியாழக்கிழமை. எடை இருந்து மூச்சு இல்லாத ஆள் எங்களுக்கு வேறு யாரும் இல்லை. மூச்சுத் தட்டில் வைத்தது எத்தனை என்று கேட்கும்போது பிளாக் பூஜ்யம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் பச்சை. அக்கா இன்னும் மூச்சு விடுவதாகச் சொன்னால் சிவப்பு.

நான்தான் ஒருநாள் கேட்டேன். "சார், ஃபைல் ஒண்ணே முக்கால்லேருந்து ஆரம்பிக்குது. நமக்குத் தேவை ஒண்ணு அம்பத்தி மூணுக்கு அப்புறம்தானே. முன்னாடி இருக்கிற எட்டு நிமிஷத்தை வெட்டிட்டா சீக்கிரம் ஓடும்."

"வேணாம்மா. அந்த எட்டு நிமிஷம் இருக்கட்டும்" என்றார்.

எங்கள் கணினியில் அந்த எட்டு நிமிடம் ஓட இரண்டு நொடி ஆகிறது. தினமும் பத்து மணிக்கு நாற்பத்தொன்று வரும்போது அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தாலும், பாதி வரியானாலும், கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். இரண்டு நொடி. பிறகு மீதிப் பதிவும் ஓடிப் பச்சை வருகிறது. "சரி" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதுகிறார்.